பச்சைக் கருவையும் என் 36,300 ரூபாயும்

காரைக்குடியை அடுத்த புதுவயல் பக்கம் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவன் நான். நெல் வண்டி வந்து நின்றதும் ஈரம் பார்ப்பதுதான் எங்கள் ஆலையில் முதல் வேலை. மெஷின் இருக்கிறது, ஆனாலும் பழைய ஆட்கள் நாலு நெல்லை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்ப்பார்கள். 'டக்'கென்று உடைந்தால் காய்ந்த நெல், நசுங்கினால் எடையில் கழிப்பு. அரசு கொள்முதல் நிலையத்திலும் ஈரப்பதம் 17 சதவீதம் என்பதுதான் கணக்கு, மழைக்காலத்தில் தளர்த்தச் சொல்லிக் கேட்பார்கள். பன்னிரண்டு வருடமாக இதே கழிப்புக் கணக்கைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்படிப்பட்டவன், கருவை, அதாவது சீமைக் கருவேல மர விறகு வியாபாரத்தில் இறங்கியபோது, டன் கணக்கில் தண்ணீரை விலைகொடுத்து வாங்கி அடுக்கி வைத்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் ஒருத்தராவது இதைப் படித்துவிட்டு எடைமேடைக்குப் போகும் முன் ஒரு நிமிஷம் நின்றால் சரி.

2023 ஆனியில் சித்தப்பா வீட்டுக் கல்யாணம். பள்ளத்தூரில், வீட்டிலேயே பந்தல் போட்டுக் கோட்டை அடுப்பு வெட்டிச் சமையல். சமையல் மாஸ்டர் அடுப்படியில் உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருந்தார். கடை சிலிண்டர் இரண்டாயிரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, விறகுக்குப் போனால் நல்ல விறகு கிடைப்பதில்லை, இருக்கிற கடையிலும் ஈரமும் மண்ணுமாகத் தள்ளிவிடுகிறார்கள் என்று. "நல்லாக் காஞ்ச கருவை யாராச்சும் குடுத்தா, கிலோவுக்கு ஏழு ரூவா கண்ணை மூடிக்கிட்டுக் குடுப்பேன் தம்பி" என்றார். அந்த ஏழு ரூபாய்தான் என் தலைக்குள் புகுந்துகொண்டது. எனக்கு மாதம் 16,000 சம்பளம், ஞாயிற்றுக்கிழமை லீவு. சுற்றிலும் எங்கே பார்த்தாலும் சீமைக்கருவை. 2017ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவையொட்டி ஊர் ஊராக வெட்டித் தள்ளினார்கள், தூரிலிருந்து மறுபடி தழைத்து இரண்டே வருடத்தில் பழையபடி நின்றது. கேட்பாரற்ற மரம், வெட்டி விற்றால் காசு என்றுதான் நினைத்தேன்.

கேட்பாரற்ற மரம் என்று ஒன்று கிடையாது. அதை முதல் மாதத்திலேயே 12,800 ரூபாய் கொடுத்துத் தெரிந்துகொண்டேன். கல்லல் பக்கம் இரண்டு ஏக்கர் அளவுக்குக் கருவை மண்டிக் கிடந்த இடம். சொந்தக்காரர் சென்னையில் இருப்பதாகச் சொன்னார்கள். ஊரில் அவருக்கு வேண்டியவர் என்று ஒருத்தர் வந்து விலை பேசி, முன்பணம் 10,000 வாங்கிக்கொண்டார். நாலு ஆள் வைத்து வெட்ட ஆரம்பித்தோம். மத்தியானம் தலையாரி சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். கோபமெல்லாம் இல்லை, பொறுமையாகத்தான் சொன்னார்: "தம்பி, அந்த வேப்ப மரத்துக்கு அங்கிட்டுத்தான் பட்டா. இங்கிட்டு நீங்க நிக்கிறது கண்மாய் உள்வாய்." உள்வாய் என்றால் கண்மாயில் தண்ணீர் நிற்கும் பகுதி. நாங்கள் வெட்டியது பூராவும் இந்தப் பக்கம். வெட்டியதை அப்படியே போட்டுவிட்டு வந்தோம். அன்றைய கூலி 2,800 போனது போனதுதான். முன்பணம் வாங்கியவர் இன்று நாளை என்றார், அப்புறம் போனையே எடுக்கவில்லை. கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை, யாரிடம் போய்ச் சொல்வது?

கண்மாய், ஓடை, ரோட்டோரம், புறம்போக்கு, இதில் நிற்கிற மரம் முள் மரமாகவே இருந்தாலும் அரசாங்கத்தின் சொத்து. முறைப்படி ஏலம் விட்டு, அதை எடுத்தவர்தான் வெட்டலாம். தனியார் இடமென்றால் சர்வே நம்பரைக் கேட்டு வாங்குங்கள். பட்டாவும் சிட்டாவும் இடத்தின் எல்லை காட்டும் புலப்படமும் அரசு இணையதளத்திலேயே பார்க்கலாம், பத்து நிமிஷ வேலை. அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஊர்க்காரர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு நாலு மூலையும் நடந்து பாருங்கள். பட்டாவில் பெயர் இருக்கிறவர் வாயால் சம்மதம் கேட்காமல், "நான் சொன்னா அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார்" என்கிற ஆளிடம் ஒரு ரூபாய் கொடுக்கக் கூடாது. தேக்கு, சந்தனம் மாதிரி மரங்கள் இடத்தில் இருந்தால் அது வனத்துறை சம்பந்தப்பட்ட வேறு கதை. விறகோடு விறகாக அதில் கை வைத்துவிடாதீர்கள்.

இதோடு விட்டிருக்கலாம். விட்ட காசைப் பிடிக்க வேண்டும் என்ற வெறி வந்துவிட்டது. அடுத்து வெட்டிய மரமாகவே வாங்குவது என்று முடிவு செய்தேன். மரம் வெட்டும் மேஸ்திரி ஒருவர் பட்டா நிலத்தில் வெட்டிய பச்சைக் கருவையை டன் 3,400 என்றார். 2023 புரட்டாசியில் 12 டன் எடுத்தேன். 40,800 ரூபாய். டிராக்டர் மூன்று நடைக்கு 6,000. ஏற்றுக்கூலி இறக்குக்கூலி டன்னுக்கு 400 வீதம் 4,800. அளவாக அறுத்துப் பிளக்க டன்னுக்கு 600 வீதம் 7,200. மொத்தம் 58,800. ஒரு பக்கம் 12 டன்னை 7,000 ரூபாயால் பெருக்கி 84,000 என்று எழுதி, கழித்து, 25,200 லாபம் என்று கீழே இரண்டு கோடு போட்டேன். அந்தத் தாள் இன்னும் என் பையில் கிடக்கிறது. அதில் ஈரத்துக்கு ஒரு வரி இல்லை. ஆலையில் நூறு கிலோ நெல்லுக்குக் கழிப்பு போடாமல் விட்டால் முதலாளி என்னை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார்.

எல்லாப் பச்சை மரமும் ஒரே மாதிரி இல்லை என்றாலும், எடையில் பாதி வரைகூட வெறும் தண்ணீராக இருக்கலாம். என் 12 டன் அடுத்த கோடையில் நன்றாகக் காய்ந்து நின்றபோது, இடையில் விற்றதையும் சேர்த்து, அதே எடைமேடையில் 8 டன் 200 கிலோ. 58,800 ரூபாயை 8,200 கிலோவுக்குப் பங்கு போட்டால் கிலோ 7 ரூபாய் 17 காசு. விற்கிற விலை 7 ரூபாய். இடத்து வாடகை, தார்ப்பாய், என் உழைப்பு எதையும் சேர்க்காமலேயே, விற்கிற ஒவ்வொரு கிலோவுக்கும் 17 காசு நான் கைக்காசு போட்டிருக்கிறேன். இனி வாங்கப் போகிறவர்களுக்கு இதுதான் கணக்கு: பச்சை விறகாக வாங்கினால் மூன்றில் ஒரு பங்கைக் கண்ணை மூடிக்கொண்டு கழித்துவிட்டு, மிச்ச எடைக்கு எல்லாச் செலவையும் ஏற்றிப் பாருங்கள். அப்போதும் கையில் ஏதாவது நின்றால் வாங்குங்கள்.

எடைமேடையில் இன்னும் இரண்டு விஷயம். காலி வண்டியை உங்கள் கண்ணெதிரே ஏற்றி எடை போடச் சொல்லுங்கள், "போன வாரம் போட்ட எடைதான்" என்று பழைய சீட்டைக் காட்டினால் ஒத்துக்கொள்ள வேண்டாம். காலி எடைக்கு டிரைவர் இறங்கி நின்று, பாரத்தோடு போடும்போது மூன்று பேர் மேலே உட்கார்ந்திருந்தால் அந்த மூன்று பேரையும் விறகு விலைக்கு நீங்கள் வாங்கியிருக்கிறீர்கள். மழை பெய்த மறுநாள் எடை போடவே போடாதீர்கள். நான் வாங்கிய மூன்று நடையில் ஒன்று அப்படித்தான் வந்தது.

வாங்கிய மாதமும் தப்பு. புரட்டாசியில் வாங்கினால் தை முகூர்த்தத்துக்குக் காய்ந்துவிடும் என்பது என் யோசனை. இடையில் ஐப்பசி கார்த்திகை என்று இரண்டு மாதம் இருப்பதை எப்படி மறந்தேனோ. நமக்கு மழையே அப்போதுதான். கோட்டையூர் பக்கம் மாத வாடகைக்குப் பிடித்த காலி மனையில் அடுக்கி, 3,600 ரூபாய்க்குத் தார்ப்பாய் வாங்கி, தலையிலிருந்து கால் வரை போர்த்திக் கயிறு கட்டி, பிள்ளைக்குப் போர்வை போர்த்தின மாதிரி நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். மார்கழியில் பிரித்தபோது உள்ளேயிருந்து ஊறல் வாடை அடித்தது. பட்டை பூராவும் வெள்ளைப் பூஞ்சை, தரையோடு இருந்த வரிசையில் கரையான். ஈரமும் வெளியே போகவில்லை, காற்றும் உள்ளே வரவில்லை. அதைக் கலைத்து மறுபடி அடுக்கக் கூலி 2,400. அப்போது கை வைத்த இடத்தில் ஒரு தேள். கொட்டவில்லை, என் நேரம் நன்றாக இருந்தது. அதன் பிறகு கம்பியால் தட்டாமல் எந்த அடுக்கிலும் நான் கை விடுவதில்லை. கருவை முள் குத்தினாலும் அசட்டையாக விடக் கூடாது. எனக்கு உள்ளங்கையில் ஒடிந்து நின்ற ஒரு முள் பத்து நாள் வீங்கிச் சீழ் வைத்து, கடைசியில் ஆஸ்பத்திரியில் கீறி எடுத்தார்கள். செப்டிக் ஊசி போட்டு எவ்வளவு நாளாகிறது என்று பார்த்துக்கொண்டு தோப்புக்குள் இறங்குங்கள்.

அடுக்கும் முறையை எனக்குச் சொல்லிக்கொடுத்தது பக்கத்து வீட்டு ஆச்சி. எண்பது வயது. அந்தக் காலத்தில் அவர்கள் வீட்டில் படைப்புக்கும் (முன்னோருக்குப் படையல்) கல்யாணத்துக்கும் ஒரு வருஷம் முன்னாலேயே விறகு வாங்கிக் கொல்லைப் பக்கம் போட்டுவிடுவார்களாம். "கீழ கல்லு வையப்பா, காத்து அடியில போகணும். மேல மட்டும் மூடு. மரத்துக்கும் மூச்சு விடணும்ல?" என்றார். அதுதான் முறை. செங்கல் பரப்பி அதன் மேல் இரண்டு நீளக் கம்பு, ஒரு வரிசை நெடுக்கு, அடுத்த வரிசை குறுக்கு, தகரமோ தார்ப்பாயோ உச்சியில் மட்டும். அப்புறம் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும். உருட்டுக் கட்டையாக வைத்தால் பட்டைக்குள் ஈரம் அப்படியே நிற்கும், காய்ந்த பிறகு பிளக்கப் போனால் கோடாலி எகிறும். ரொம்ப நாள் வைத்தாலும் ஆபத்து, உளுத்து மாவு கொட்ட ஆரம்பித்துவிடும்.

தை மாதக் கதைக்கு வருகிறேன். ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு ஒன்றரை டன் கேட்டார்கள். அதே மாஸ்டர்தான் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். மேலாகப் பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருந்தது, ஏற்றி அனுப்பிவிட்டேன். விடியற்காலை நாலரை மணிக்குப் போன். போய்ப் பார்த்தால் வீட்டின் இரண்டாம் கட்டு முழுக்கப் புகை. தூணும் தெரியவில்லை, ஆளும் தெரியவில்லை, இருமல் சத்தம் மட்டும் கேட்கிறது. அடுப்பில் விறகின் வெட்டு முனையில் நுரை கட்டி 'உஸ்ஸ்' என்று சீறிக்கொண்டிருந்தது. மாஸ்டர் என்னைத் திட்டக்கூட இல்லை. என் குவியலிலிருந்து இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டினார். 'தொத்' என்றது. தன் ஆள் வேறெங்கோ இருந்து கொண்டுவந்திருந்த இரண்டு கட்டையை எடுத்துத் தட்டினார். 'டங்'கென்று மணி மாதிரிக் கேட்டது. "இந்தச் சத்தம் வந்தா எனக்குப் போன் போடு. அதுவரைக்கும் வேணாம்" என்றார். வீட்டுக்காரர்கள் அவசரத்துக்கு சிலிண்டர் எடுத்து வந்தார்கள். எனக்குக் கிடைத்தது பாதிப் பணம். அது கொடுத்ததே அவர்கள் பெருந்தன்மை. அன்றைக்கு ஆலைக்குப் போய் உட்கார்ந்தும் மாலை வரை என் சட்டையில் அந்தப் புகை வாடை இருந்தது. வேலையை விட்டுவிட்டு எங்காவது ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அன்றிலிருந்து நான் செய்வது இது. ஒவ்வொரு அடுக்கிலும் நடுவில் மூன்று கட்டைக்குப் பெயிண்டால் நம்பர் போட்டு, சமையலறைத் தராசில் எடை எழுதி வைப்பேன். வாரம் ஒரு தடவை எடுத்து எடை போடுவேன். 2 கிலோ 850 கிராம் இருந்த என் ஒன்றாம் நம்பர் கட்டை, அக்கினி நட்சத்திரம் முடியும்போது 1 கிலோ 960. அதற்கு மேல் இரண்டு மூன்று வாரம் எடை இறங்கவில்லை என்றால் காய்ந்தது என்று அர்த்தம். வெட்டு முனையில் வெடிப்பு விட்டிருக்கும், பட்டை கையோடு உரிந்து வரும், தட்டினால் சத்தம் வரும். ஆலையிலிருந்து நெல் ஈரம் பார்க்கும் மெஷினைக் கொண்டுபோய் வைத்துப் பார்க்கலாமா என்றும் ஒரு நாள் யோசித்தேன். அது நெல்லுக்கு மட்டும்தான் நியாயம் சொல்லும்.

யாருக்கு விற்பது என்பதையும் நான் வாங்கிய பிறகுதான் யோசித்தேன். எங்கள் ஆலை மாதிரி இடங்களில் கொதிகலனுக்கு உமி இருக்கிறது, விறகு வேண்டாம். செங்கல் காளவாசலுக்கு நிறைய வேண்டும், ஆனால் லாரிக்கணக்கில், என்னைப் போன்றவனுக்குக் கட்டாத விலைக்கு. திருப்பூரில் இருக்கும் என் மச்சான் போனில், "ஆத்தங்குடிக் கல்லுச் சூளைக்குப் போடுங்க மாமா" என்று யோசனை சொன்னார். ஆத்தங்குடிக் கல் தரையில் பதிக்கிற கல், அதைச் சுடுவதே இல்லை மாப்பிள்ளை, கண்ணாடி மேல் வார்த்துத் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைப்பது என்று விளக்கியபோது இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அந்த வருடத்தில் நான் சிரித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். மிச்சம் இருப்பது சமையல் மாஸ்டர்கள், பரோட்டாக் கடை, மெஸ், கருப்பர் கோயில் கிடாவெட்டு, தைப்பொங்கல். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, அந்த மாதங்களில் வாடகை மட்டும் போய்க்கொண்டிருக்கும். மாஸ்டர்களுக்கு மரத்திலும் பிடிவாதம் உண்டு. கருவை கங்கு நின்று எரியும், தம் போடத் தோது. புளியும் சவுக்கும் சரி. தைல மரத்தைப் போட்டால் குழம்பில் வாடை ஏறும் என்று தொட மாட்டார்கள். முருங்கையைக் கொண்டுபோனால் உங்களைத்தான் அடுப்பில் வைப்பார்கள். பழைய வீடு இடித்த மரம் மலிவாக வருகிறதென்று சிலர் கலந்து விற்கிறார்கள். ஆணி இருக்கும், பெயிண்ட் இருக்கும், அந்தப் புகை சோற்றுக்கு ஆகாது. நான் சேர்ப்பதில்லை.

கடன் கொடுத்ததும் என் தப்புதான். ஒரு மெஸ்ஸில் வாரக் கணக்கு என்று ஆரம்பித்து 6,500 நின்றுபோனது. விறகு எரிந்து சாம்பலான பிறகு அதற்குக் காசு கேட்டால் யாருக்கும் கொடுக்க மனம் வருவதில்லை. இறக்கும் முன் பணம், இப்போது இது ஒன்றில் நான் கறார்.

2024 ஆவணியில் கடைசிக் கட்டை போனபோது கணக்கு முடித்தேன். 58,800, வாடகை 8,000, தார்ப்பாய், மறு அடுக்கு எல்லாம் சேர்த்துச் செலவு 72,800. கைக்கு வந்தது 49,300. நஷ்டம் 23,500. கல்லலில் விட்ட 12,800ஐயும் சேர்த்தால் 36,300. இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல். வீட்டில் முழுத் தொகையைச் சொல்ல எனக்கு மூன்று மாதம் ஆனது. அவள் சண்டை போடவில்லை, "ஆலையில ஈரம் பார்க்கிற ஆளு தானே நீங்க?" என்று மட்டும் கேட்டாள். சண்டையே போட்டிருக்கலாம்.

2025 மாசியில் மறுபடி இறங்கினேன், இந்தத் தடவை சின்னதாக. பட்டாக்காரரிடமே பேசி, எழுதி வாங்கிக்கொண்டு, எடைக்கு இல்லாமல் நின்ற மரத்தைக் குத்துமதிப்பாக 14,000க்கு எடுத்தேன். எடைக்குப் பேசினால் ஈரம் என் தலையில், குத்துக்குப் பேசினால் யார் தலையிலும் இல்லை. வெட்டவும் பிளக்கவும் 9,000. பிளந்ததை அங்கேயே ஆறு வாரம் வெயிலில் போட்டுவிட்டேன். காவலுக்குப் பக்கத்துக் கொல்லைக்காரருக்கு ஒரு வண்டி சுள்ளி. ஈரம் காட்டிலேயே இறங்கிவிட்டதால் டிராக்டர் இரண்டே நடை, 4,400. ஏற்றி இறக்க 3,000. மொத்தம் 30,400க்குக் காய்ந்த விறகு 6 டன் 300 கிலோ, கிலோ ஐந்து ரூபாய்க்கும் கீழே. ஐந்து டன் மாஸ்டர்களுக்கு 7 ரூபாய் வீதம் போனது. மிச்சத்தைச் சிறிதாகப் பிளந்து ஐந்து கிலோ கட்டாகக் கட்டி, இந்தத் தைப்பொங்கலுக்கு ஒரு கட்டு 60 ரூபாய்க்குக் கொடுத்தேன். வாசலில் பொங்கல் வைக்கிறவர்களுக்கு ஒரு டன் எதற்கு, ஒரு கட்டு போதும். 260 கட்டும் போகி அன்று மத்தியானமே தீர்ந்தது. வாடகை 5,000 போக வருடத்துக்கு 15,000 சொச்சம் நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளைக் கணக்கில் எடுத்தால் பெரிய காசு இல்லை. விறகுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பதால் அந்தத் தலைவலியாவது இல்லை.

போன வாரம் மாஸ்டருக்குப் போன் போட்டேன். ஒன்றும் பேசாமல் இரண்டு கட்டையை எடுத்துப் போனுக்குப் பக்கத்தில் தட்டினேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "வைகாசி ரெண்டாவது முகூர்த்தத்துக்கு ரெண்டு டன் எடுத்து வை" என்றார். மெஸ் பாக்கியில் 3,000 வந்திருக்கிறது, 3,500 இன்னும் நிற்கிறது.